சோத்துக்கைப் பக்கத்துச் செடி

"எங்கம்மா இறந்து பதினோரு மாசம் ஆச்சு சார். ஆனா தினமும் வந்து செடிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போறாங்க."

நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக அந்தப் பெண் இப்படிச் சொன்னாள். செருப்புக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில் தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றது.

துப்பறிகிறவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'நிதானம்' என்று கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார்கள். தட்டச்சு இயந்திரத்தின் முன் இருந்தவர் அவருடைய உடன்பிறந்த அக்கா. முப்பது வருஷம் தட்டச்சுப் பள்ளி நடத்தி ஓய்வு பெற்றவர்; ஊருக்கெல்லாம் டைப் அக்கா. தம்பிக்கு வரவேண்டிய பரபரப்பையும் சேர்த்து அந்த அம்மாளுக்கே கடவுள் கொடுத்துவிட்டார்.

"பேயா?" என்றார் டைப் அக்கா, கண்கள் மின்ன.

"அக்கா, அவங்க பேசி முடிக்கட்டும்" என்றார் நிதானம். "நீ சொல்லும்மா."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப மூன்று ஆகும். வீட்டில் அப்பா மட்டும். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். இரண்டு கண்ணிலும் புரை. முழங்கால் தேய்ந்து படி இறங்க முடியாது. தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரம் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

"மூணு மணிக்கு நான் உள்ள நுழைஞ்சதும், 'உங்கம்மா வந்திருந்தா, நாலு பத்துக்கு'ம்பார். தினமும் இதே பேச்சு. அம்மா பெரிய ஆஸ்பத்திரியில இறந்தது சாயங்காலம் நாலு பத்துக்குத்தான் சார். நான் நாலு மணிக்கு ஜன்னல்ல உட்கார்ந்து பார்த்துட்டேன். விடியக்காலை நாலுக்கு எழுந்தும் பார்த்துட்டேன். ஒருத்தரும் வரல. ஆனா வேலைக்குப் போயிட்டு வந்தா வாடின பூவெல்லாம் கிள்ளி எடுத்திருக்கு. மண்ணு ஈரமா இருக்கு. அம்மா எப்படிச் செய்வாங்களோ அச்சு அசல் அப்படியே. ஞாயித்துக்கிழமை நான் வீட்ல இருந்தா மட்டும் எதுவும் நடக்கிறதில்ல."

"என்ன செடி?"

"அசேலியா. அம்மாவுக்கு உசிரு. எங்களத் திட்டுவாங்க, அதுங்கள ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கான விண்ணப்பம்.

"எனக்கு ஒரு அண்ணன். பெரியவன்னு கூப்பிடுவோம். அப்பாவுக்குப் புத்தி தடுமாறிடுச்சு, தனியா விடக் கூடாதுன்னு இடம் பிடிச்சு, இந்தப் படிவத்தையும் அவனே எழுதிக் கொடுத்துட்டான். திங்கட்கிழமை பத்து மணிக்கு வண்டி வருது. அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். 'நான் போயிட்டா உங்கம்மா வந்து யாரைப் பார்ப்பா?'ன்னு கேக்கிறார் சார். நான் என்ன பதில் சொல்றது? யாரோ நிஜமாவே வர்றாங்கன்னு தெரிஞ்சா, அப்பாவுக்குப் பைத்தியம் இல்லன்னு ஆகும். அவர் தன் வீட்லயே இருக்கலாம்."

டைப் அக்கா படிவத்தை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன எழுத்து இது? வரிக்கு வரி மையைத் தேய்ச்சு இழுத்து வெச்சிருக்கு. என்கிட்டப் படிக்க வந்திருந்தா முட்டிய உடைச்சிருப்பேன்."

நிதானம் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அண்ணன் வீட்டுக்கு வர்றதுண்டா?"

"இல்ல. அம்மா போன அன்னிக்கு அவன் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. வழியில வண்டி மாட்டிக்கிச்சுன்னான். அப்பா அங்கேயே, அத்தனை பேர் முன்னாடி, 'இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே'ன்னுட்டார். அன்னிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. எல்லாம் என்னோட போன்லதான்."

"சனிக்கிழமை வர்றோம். வழக்கம்போல ஆறு மணிக்கு நீ வேலைக்குக் கிளம்பிடு. பாதியில அனுமதி வாங்கிட்டு பதினோரு மணிக்கு எங்களோட வா" என்றார் நிதானம்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே தூறல். அவர்கள் மூவரும் அந்தப் பின்னறைக்குள் நுழைந்தபோது, கிழவர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு மேலே சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய ஸ்டேஷன் கடிகாரம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொடுத்ததாம். ஊசல் அசையவில்லை.

கிழவர் வந்தவர்களைப் பார்த்தார். தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு பத்து. உட்காருங்க" என்றார்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. பகல் பதினோரு மணிக்கு வந்தவர்களிடம் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வலிக்காது? "அம்மா போன அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் முள்ளை நாலு பத்துல வெச்சு அதை நிறுத்தினார். யாரையும் தொட விடறதில்ல" என்று மெதுவாகச் சொன்னாள்.

நிதானம் கிழவரின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு வந்தாங்களா ஐயா?"

"வந்தாளே."

"அவங்கதான்னு எப்படித் தெரியும்?"

"நாப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவளைத் தெரியாதா? அந்த ஓலைத் தொப்பி. அந்த நீல மழைக்கோட்டு. முகம் தெரியல, என் கண்ணுல பனி விழுந்துடுச்சே. ஆனா கத்தரி இடது கையில. வேற யார் அப்படிப் பிடிப்பா? அவ இடது கைக்காரி."

"நீங்க கூப்பிட்டுப் பார்க்கலையா?"

கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மழைத்துளி ஜன்னல் கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பயம் சார்" என்றார் கடைசியில். "கூப்பிட்டா போயிடுவாளோன்னு பயம்."

டைப் அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தம்பியின் பின்னாலேயே தோட்டத்துக்கு இறங்கினார்.

பின்வாசல் படிக்கு இருபுறமும் இரண்டு அசேலியாப் புதர்கள், ஒரே வயது. படியில் நின்று பார்த்தால் இடப்பக்கத்துப் புதர் இலை தெரியாமல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. வலப்பக்கத்துப் புதரில் ஒரு பூ இல்லை. பச்சையாக, மொட்டையாக நின்றது. ஒரு பக்கம் மட்டும் அப்படிப் பூத்திருந்ததைப் பார்க்க அழகைவிட அச்சம்தான் அதிகமாக வந்தது.

"இதையும் சொல்லணும் சார்" என்றாள் மகள். தோட்டத்து மூலைக் கொட்டகைக்குள் ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்து வந்தாள். "அம்மா போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் எழுதினது."

நிதானம் வாசித்தார். 'படியில் நின்று பார்க்கும்போது சோத்துக்கைப் பக்கம் இருக்கிற செடியை, பூ உதிர்ந்ததும் பாதியாக வெட்ட வேண்டும். மற்றதை இந்த வருஷம் தொடக் கூடாது. தாமதித்தால் அடுத்த வருஷம் பூ கிடையாது.'

"அது ஏன் தாமதிக்கக் கூடாது?" என்று நிதானம் கேட்டார்.

டைப் அக்கா முந்திக்கொண்டார். பால்கனியில் எட்டுத் தொட்டி வைத்திருப்பவர் ஆயிற்றே. "டேய், அசேலியா அடுத்த வருஷப் பூவுக்கு இந்த வருஷமே மொட்டு கட்டிடும். பூ உதிர்ந்த கையோட வெட்டினா தப்பில்ல. அஞ்சாறு மாசம் கழிச்சு வெட்டினா அடுத்த வருஷப் பூவையே வெட்டினதா அர்த்தம்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா போனப்பறம் இந்தப் பக்கம் வரவே எனக்கு மனசு வரல. அஞ்சு மாசம் கழிச்சுத்தான் வலப்பக்கத்தை வெட்டினேன். பாருங்க, மொட்டையா நிக்குது. ஆனா இடப்பக்கத்தை, அம்மா போன ஒரு வாரத்துக்குள்ளயே யாரோ வெட்டிட்டாங்க. தொடாதேன்னு அம்மா எழுதின செடி அது. அம்மாவே வந்திருந்தா தான் எழுதினதுக்கு எதிரா ஏன் செய்யப் போறாங்க?"

"பேய்க்கு மறதி வருமா என்ன?" என்றார் டைப் அக்கா.

நிதானம் குனிந்து இரண்டு புதரின் வெட்டு வாய்களையும் தடவிப் பார்த்தார். மகள் வெட்டிய கிளைகளின் நுனி நசுங்கி நார் நாராக இருந்தது. மற்றதில் கத்தியால் சீவினதுபோல் இருந்தது.

"எந்தக் கத்தரியால வெட்டினே?"

"அம்மாவோடதுதான். இருக்கிறது அது ஒண்ணுதான். எனக்கு அது சரியாவே வெட்டாது."

கொட்டகையில் அந்தக் கத்தரி எண்ணெய் போட்டு மாட்டியிருந்தது. நிதானம் அதை வலக்கையில் பிடித்துப் பார்த்தார், பிறகு இடக்கைக்கு மாற்றிப் பார்த்தார். பக்கத்து ஆணியில் ஓலைத் தொப்பியும் நீல மழைக்கோட்டும். டைப் அக்கா கோட்டைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதன் மடிப்புகளில் ஈரம் இன்னும் காயவில்லை; கீழே தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நிதானம் மட்டும், அந்த விஷயத்திலும் நிதானமாக, "நனையுற பேய்" என்றார்.

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார். நோட்டை அவரிடமும் காட்டி யோசனை கேட்டதாக மகள் முன்பே சொல்லியிருந்தாள்.

"பின்கதவு கிறீச்சுன்னும் சார்" என்றார் வாத்தியார், தாழ்ந்த குரலில். "நான் காலையில பால் காய்ச்சுற நேரத்துக்கு. எட்டிப் பார்க்கத் தைரியம் இல்ல. அந்தம்மா உசிரோட இருந்தப்பவே, என் பூனை அந்தப் பக்கம் வந்துச்சுன்னு என்னை ஒரு வாங்கு வாங்கினவங்க. இப்போ எட்டிப் பார்த்தா சும்மா விடுவாங்களா?"

"நீங்க தூரிகை பிடிக்கிறது எந்தக் கையில?"

"இதுல" என்று வலக்கையைத் தூக்கிக் காட்டினார் வாத்தியார், ஒன்றும் புரியாமல்.

நிதானம் புதரின் அடியில் உட்கார்ந்தார். வேர் காயாமல் இருக்க மண்மேல் ஏதோ பரப்பியிருந்தது. மெல்லிய, பழுப்பு நிற ஊசி இலைகள்.

"பைன் இலை" என்றாள் மகள். "அம்மாவும் இதைத்தான் போடுவாங்க. ஆனா இந்தத் தெருவுல பைன் மரமே கிடையாது. அம்மாவுக்கு யாரோ மூட்டை கட்டிக் கொண்டு வந்து தருவாங்க."

"பெரிய ஆஸ்பத்திரியில இருக்கு" என்றார் டைப் அக்கா. "எனக்குக் கண் ஆபரேஷன் ஆனப்போ பார்த்தேனே. காத்திருக்கிறவங்க உட்கார்ற பெஞ்சுக்கு மேலயே நாலு மரம். புடவையெல்லாம் ஊசி."

நிதானம் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் இங்க இருக்கணும். பெரியவனையும் வரச் சொல்லும்மா. முன்வாசல் வேண்டாம், பின்கதவு வழியா வரட்டும்."

தெருவுக்கு வந்ததும் டைப் அக்கா பொரிந்து தள்ளினார். "ஏன்டா, திங்கட்கிழமை காலையில மறைஞ்சு நின்னு கையும் களவுமா பிடிக்கிறதை விட்டுட்டு கூட்டம் போடறே?"

"பிடிச்சா திருடனைப் பிடிச்ச மாதிரி ஆயிடும் அக்கா. வந்தது திருட இல்ல."

ஞாயிற்றுக்கிழமை தூறல் விட்டிருந்தது. பின்வாசல் படியில் டைப் அக்காவும் மகளும், மதிலோரம் வாத்தியார், திறந்த ஜன்னலுக்குள் கிழவர். பெரியவன் பின்கதவைத் திறந்து வந்து, வெள்ளைப் புதரிலிருந்து நாலடி தள்ளி நின்றான். நாற்பது வயது, கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஜன்னல் பக்கம் அவன் திரும்பவில்லை. ஜன்னலும் அவன் பக்கம் திரும்பவில்லை.

மகள் தேநீர் கொண்டுவந்தாள். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நிதானம் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"ஐயா, இப்போ மணி என்ன?"

கிழவர் அண்ணாந்து பார்த்தார். "நாலு பத்து."

"பார்த்தீங்களா?" என்றான் பெரியவன். "இதுக்குத்தான் சொல்றேன். மணி இப்போ அஞ்சாகப் போகுது."

"பார்த்தேன்" என்றார் நிதானம். "ஐயா, அந்தக் கடிகாரத்தை ஓட விடலாமா?"

"வேண்டாம்." குரல் கடுமையாக வந்தது. பிறகு உடைந்தது. "ஓடிட்டா அவ வர்ற நேரம் போயிடும் சார்."

"போகாது. அவங்க வர்ற சரியான நேரம் என்னன்னு தெரியவரும், அவ்வளவுதான்."

கிழவர் ஆகட்டும் என்பதுபோல் கையை அசைத்தார். மகள் உள்ளே போய் முள்ளைத் திருப்பி, சாவி கொடுத்து, ஊசலைத் தட்டிவிட்டாள். பதினோரு மாதமாக ஊமையாக இருந்த வீட்டில் டக், டக் என்று சத்தம் கேட்டது.

"இப்போ?"

"அஞ்சாக மூணு நிமிஷம் இருக்கு" என்றார் கிழவர்.

நிதானம் பெரியவனிடம் திரும்பினார். "சரியாத்தானே சொல்றார்? முப்பத்தாறு வருஷம், வண்டி வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினவர். எது வந்தாலும் அண்ணாந்து பார்ப்பார். அது என்ன காட்டுதோ அதைச் சொல்வார். நாங்க பதினோரு மணிக்கு வந்தப்பவும் நாலு பத்துதான். அவர் பொய் சொல்லல, புத்தியும் தடுமாறல. பொய் சொன்னது கடிகாரம். அந்த உருவம் வர்றது நாலு பத்துக்கு இல்ல. வாத்தியார் பால் காய்ச்சுற நேரத்துக்கு, தங்கச்சி ஆறு மணிக்குக் கிளம்பினதுக்கு அப்புறம்."

"அப்போ நிஜமாவே ஒருத்தர் வர்றாங்க!" என்றாள் மகள்.

"வர்றாங்க. யாருன்னு உங்கம்மாவே எழுதி வெச்சிருக்காங்க. சோத்துக்கைப் பக்கம்னா எந்தப் பக்கம்மா?"

"வலப்பக்கம். இதென்ன கேள்வி?"

"உனக்கு வலப்பக்கம். எனக்கும், வாத்தியாருக்கும். அந்த வார்த்தையில சோறு இருக்குங்கிறதையே நாம மறந்துட்டோம். உங்கம்மா எந்தக் கையால சாப்பிடுவாங்க?"

மகள் இடப்பக்கத்துப் புதரைத் திரும்பிப் பார்த்தாள். "இடது கையால" என்றாள் மெதுவாக. "ஐயோ."

"அவங்களுக்குச் சோத்துக்கை அதுதானே? வெட்டச் சொன்னது இடப்பக்கத்துச் செடியைத்தான். பூத்ததும் அதுதான். நோட்டைப் படிச்ச நீ வலதுன்னு எடுத்துக்கிட்டே. அதைப் படிச்ச வாத்தியார் வெட்டியிருந்தாலும் வலதைத்தான் வெட்டியிருப்பார். ஒருத்தர் மட்டும் அதைப் படிச்சுட்டு, யோசிக்காமலே இடப்பக்கம் திரும்பியிருக்கார். இடது கைக்குன்னு செஞ்ச அந்தக் கத்தரியும் அவர் கையில ஒழுங்கா வெட்டியிருக்கு. ஏன்னா அவருக்கும் சோத்துக்கை இடதுதான்."

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. பெரியவன் தேநீர்க் கோப்பையை இடக்கையில் பிடித்திருந்தான்.

"இடது கையால எழுதினா எழுதின வரி மேலயே கை நகரும், ஈர மை தேயும்" என்றார் நிதானம். "அந்தப் படிவத்துலயே பார்த்தேன்."

டைப் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தம்பி," நிதானத்தின் குரல் தணிந்தது, "பைன் இலை பெரிய ஆஸ்பத்திரி பெஞ்சுக்குக் கீழ பொறுக்கினது, இல்லையா? அதை மட்டும் நீங்களே சொல்லிடுங்க."

பெரியவன் கோப்பையைப் படியில் வைத்தான். தங்கையைப் பார்த்துத்தான் பேசினான். ஆனால் ஜன்னலுக்குக் கேட்கும்படி பேசினான்.

"அம்மாவுக்கு மூட்டை கட்டிக் கொண்டு வந்து தர்றது நான்தான். அன்னிக்கு வண்டி எங்கேயும் மாட்டல. மூணரைக்கே வந்துட்டேன். அந்த மரத்தடி பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். உள்ள வர தைரியம் இல்ல. அந்தக் கோலத்துல அம்மாவைப் பார்க்க முடியாதுன்னு, இதோ போறேன், இதோ போறேன்னு உட்கார்ந்திருந்தேன். நாலே காலுக்கு எழுந்து வந்தேன்." அவன் முகத்தைத் துடைத்தான். "அஞ்சே அஞ்சு நிமிஷம்."

டக், டக் என்று கடிகாரம் மட்டும் கேட்டது.

"வாசலை மிதிக்காதேன்னார். மிதிக்கல. செடியையாவது பார்த்துக்கலாம்னு வந்தேன். தூறல்னா அந்தக் கோட்டைப் போட்டுக்குவேன், வெயில்னா தொப்பி. போட்டா அம்மா வாசனை வரும். அப்பா சாயங்காலம் நாலு பத்துக்கு அம்மாவைப் பார்க்கிறார்னு நீ சொன்னப்போ எனக்கு உடம்பெல்லாம் பதறிடுச்சு. நாலு பத்துக்கு நான் ஆபீஸ்ல இருக்கேன். அது நான்தான்னு எனக்கு எப்படித் தோணும்? நிஜமாவே புத்தி கலங்கிடுச்சுன்னு நினைச்சேன். அம்மாகிட்ட வர்றதுக்குத்தான் பிந்திட்டேன். அப்பா விஷயத்துலயாவது முந்திக்கணும்னு பார்த்தேன்."

ஜன்னல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பெரியவன் சிறிது நேரம் அந்த மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பாக்கெட்டிலிருந்து முதியோர் இல்லத்தின் எண்ணை எடுத்து, நாளைக்கு வண்டி வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு, வந்த வழியே போனான்.

"அவ்வளவுதானா?" என்றார் டைப் அக்கா, படி இறங்கும்போது. அவர் கண் சிவந்திருந்தது. "எல்லாம் தெரிஞ்சும் மனுஷன் கதவைச் சாத்திட்டாரே!"

"பதினோரு மாசமா பொண்டாட்டி தினமும் வந்துட்டிருந்தா அக்கா. இன்னிக்கு நான் அதை நிறுத்திட்டேன்" என்றார் நிதானம்.

திங்கட்கிழமை காலை மகள் விடுப்பு எடுத்திருந்தாள். அப்பாவின் ஜன்னல் திறந்திருந்தது. அவர் இரவு தூங்கவில்லை என்று படுக்கையைப் பார்த்தால் தெரிந்தது. வெளியே தூறல். ஆறு அடித்தது, ஆறரை அடித்தது. இனி அவன் வரமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள்.

பின்கதவு கிறீச்சென்றது. நீலக் கோட்டு போட்ட உருவம் கொட்டகையிலிருந்து வெளிப்பட்டு, வெள்ளைப் புதரின் முன்னால் குனிந்து, இடக்கையால் வாடின பூ ஒன்றைக் கிள்ளியது.

கிழவர் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு நாற்பத்திரண்டு" என்றார். "வந்துட்டா..."

சொல் அந்தரத்தில் நின்றது.

"...ன்" என்று முடித்தார் கிழவர். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. "நனையுறான் பாரு. முன்வாசலைத் திறந்து உள்ள வரச் சொல்லு."